நடுவானில் குலுங்கும்போது: நீண்ட தூர விமானத்தில் எதை எப்படிப் புரிந்துகொள்வது, என்ன செய்வது

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321, மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடியில் கடுமையாகக் குலுங்கியது. போயிங் 777-300இஆர் ரக விமானம். ஒரு பயணி இறந்தார், பலர் படுகாயமடைந்தார்கள். "சில நிமிடங்களில் 6,000 அடி சரிந்த விமானம்" என்று அன்றைக்குச் செய்தி பரவியது. கருவிப் பதிவுகளைப் பார்த்துவிட்டு சிங்கப்பூர் விசாரணைக் குழு பிறகு சொன்ன கணக்கு வேறு. குலுக்கலில் இறங்கிய உயரம் 178 அடிதான். மற்ற 6,000 அடி, காயம்பட்டவர்கள் இருப்பது தெரிந்த பிறகு விமானிகள் தாங்களே நிதானமாக இறக்கியது.

178 அடி என்பது அந்த விமானத்தின் நீளத்தைவிடக் குறைவு. 777-300இஆர் மூக்கிலிருந்து வால்வரை சுமார் 242 அடி. அவ்வளவு இறங்கியதற்கே ஆட்கள் கூரையில் மோதினார்கள். குலுக்கலைப் புரிந்துகொள்ள இந்த முரண்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி.

உடம்பு எதை உணர்கிறது

எத்தனை அடி இறங்கினோம் என்பது உடம்புக்குத் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் அடிவயிறும் உணர்வதெல்லாம் எடை மாறுவதையும் அது மாறும் வேகத்தையும்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மேல் இருப்பது 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் இயல்பான அளவு. நீங்கள் 60 கிலோ என்றால் சீட் உங்களை 60 கிலோவாகத் தாங்குகிறது. லேசான குலுக்கலில் அது 0.8-க்கும் 1.2-க்கும் இடையே ஊசலாடும், அதாவது நீங்கள் 48 கிலோவாகவும் 72 கிலோவாகவும் மாறி மாறி ஆவீர்கள். இதற்கே பலர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். எஸ்க்யூ 321-இல் 1.35 ஜி-யிலிருந்து மைனஸ் 1.5 ஜி-க்குப் போக எடுத்த நேரம் 0.6 வினாடி. அந்த நொடியில் 60 கிலோ ஆள் 90 கிலோவாகக் கூரையை நோக்கி "விழுந்தார்". அவரை யாரும் தூக்கி எறியவில்லை. விமானம் அவருக்குக் கீழிருந்து நழுவிப் போய்விட்டது, பெல்ட் போட்டவர்களை மட்டும் கூடவே இழுத்துக்கொண்டு. அடுத்த 4 வினாடிக்குள் மறுபடி பிளஸ் 1.5 ஜி. மேலே போனவர்கள் ஒன்றரை மடங்கு எடையோடு கீழே வந்து விழுந்தார்கள். தலைக் காயத்தோடு முதுகெலும்புக் காயமும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

விமானிகள் குலுக்கலை லேசு, மிதம், கடுமை, அதிகடுமை என்று நான்காகப் பிரிக்கிறார்கள். 1 ஜி-யிலிருந்து விலகல் அரை ஜி-க்குள் இருந்தால் லேசு, அரையிலிருந்து ஒன்றுவரை மிதம், அதைத் தாண்டினால் கடுமை. பயணிகள் "பயங்கரமா ஆடுச்சு" என்று சொல்வதில் பெரும்பகுதி லேசு வகை, கொஞ்சம் மிதம். மிதமான குலுக்கலில்கூட உயரம் மாறுவது பெரும்பாலும் சில பத்து அடிதான். உட்கார்ந்திருப்பவருக்கு நூற்றுக்கணக்கில் இறங்கியதுபோல் இருக்கும்.

இங்கே "ஏர் பாக்கெட்" என்ற சொல்லையும் ஓரம் கட்டிவிடலாம். வானத்தில் காற்றில்லாத பள்ளம் எதுவும் கிடையாது. மேலே போகும் காற்றும் கீழே வரும் காற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நாம் மணிக்கு 900 கிலோமீட்டரில் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

விமானத்துக்கு என்ன ஆகும் என்ற பயம் இருந்தால் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். பெரிய பயணிகள் விமானங்கள் பிளஸ் 2.5 ஜி, மைனஸ் 1 ஜி என்ற வரம்புக்கு வடிவமைக்கப்படுகின்றன. அந்த வரம்பைப்போல் ஒன்றரை மடங்குச் சுமையையும் தாங்க வேண்டும். 1995-இல் 777-இன் இறக்கையைச் சோதனைக் கூடத்தில் வேண்டுமென்றே வளைத்துக்கொண்டே போனார்கள். வரம்புச் சுமையின் 154 சதவீதத்தில்தான் உடைந்தது, அதற்குள் இறக்கை நுனி சுமார் 24 அடி மேலே வந்திருந்தது. ஜன்னல் வழியாக இறக்கை ஆடுவதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். வளையாமல் விறைத்துக்கொண்டு நின்றால் அந்த அதிர்ச்சியெல்லாம் நேராக உங்கள் முதுகுக்கு வரும்.

எப்படி ஆடுகிறது என்பதை வைத்துக் காரணம் சொல்லலாம்

ஜல்லி ரோட்டில் பஸ் போவதுபோல் சின்னச் சின்னதாக, ஒரே சீராகத் தடதடத்தால், பெரும்பாலும் ஜெட் காற்றோட்டத்தின் (மிக உயரத்தில் ஆறுபோல் வேகமாக ஓடும் காற்று) ஓரம். வெளியே மேகமே இருக்காது. வேகமாக ஓடும் காற்றும் மெதுவாக ஓடும் காற்றும் உரசும் எல்லை அது. சில நூறு மீட்டர் தடிமன்தான் இருக்கும் என்பதால் விமானி 2,000 அடி ஏறியோ இறங்கியோ பார்ப்பார். எஞ்சின் சத்தம் மாறி மூக்கு லேசாக உயர்ந்தால் அதுதான் நடக்கிறது. 100 கிலோமீட்டர் நீளமான குலுக்கல் திட்டைக் கடக்க 7 நிமிடம்கூட ஆகாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பயத்தில் 7 நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும்.

கப்பலில் போவதுபோல் நீளமாக, மெதுவாக ஏறி இறங்கினால் மலை அலையாக இருக்கலாம். மலைத்தொடரைத் தாண்டி வீசும் காற்று, ஆற்றில் பாறையைத் தாண்டிய தண்ணீர்போல அலையலையாக ஓடும். இமயமலை, ஆல்ப்ஸ், ஆண்டீஸ், ராக்கி மலைகளின் காற்று இறங்கும் பக்கத்தில் இது சகஜம். அலை உடையும் இடத்தில் மட்டும் முரட்டுத்தனமாக மாறும்.

சட்டென்று ஒன்றிரண்டு உதறல், வேகத்தடையில் ஏறி இறங்கியதுபோல், பிறகு பழையபடி அமைதி என்றால் முன்னால் போன இன்னொரு பெரிய விமானத்தின் இறக்கைச் சுழலைக் கடந்திருக்கிறீர்கள். இது வந்த வேகத்தில் போய்விடும்.

மேகத்துக்குள் இருட்டாகி, மழையோ பனித்துகளோ உடம்பில் மோதும் இரைச்சலோடு, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒழுங்கே இல்லாமல் உலுக்கினால் அது வெப்பச்சலன மேகம், அதாவது சூடான காற்று மேலெழும்பி வளரும் மேகம். வெப்பமண்டலத்தில் வம்புக்காரன் இவன்தான். ரேடாரில் தண்ணீர்த் துளி நன்றாகத் தெரியும். ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் உச்சியில் இருப்பது பனித்துகள், அது மங்கலாகத்தான் எதிரொலிக்கும். மேகமற்ற இடத்துக் குலுக்கலோ ரேடாரில் தெரியவே தெரியாது. கடுமையான இடிமேகம் என்றால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போவது பொதுவான வழக்கம்.

காற்றுக் குலுக்கலே (டர்புலன்ஸ்) இல்லாத சிலவற்றையும் பயணிகள் டர்புலன்ஸ் என்று நினைக்கிறார்கள். கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின் சத்தம் திடீரென்று குறைந்து விமானம் தாழ்வதுபோல் தோன்றும். ஏறுவதற்கான அளவுக்கு விசையைக் குறைத்திருக்கிறார்கள், விமானம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இறங்கும்போது ஒரே சீரான அதிர்வு வந்தால் இறக்கையின் மேல் பலகைகள் எழுந்து நிற்கின்றனவா பாருங்கள், அது வேகத்தைக் குறைக்கும் பிரேக். தரைக்கு அருகில் காலடியில் 'தொம்' என்று கேட்டால் சக்கரம்.

எந்த சீட்

பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரரைத்தான் வேகத்தடை தூக்கிப் போடும். விமானத்திலும் அதே கதை. காற்றில் விமானம் தன் எடை மையத்தைச் சுற்றி ஆடுகிறது. அந்த மையம் இறக்கைகளுக்கு நடுவே இருக்கிறது, அங்கிருந்து தள்ளிப் போகப் போக வீச்சு கூடும். 777-300இஆர் போன்ற நீளமான உடம்பில் கடைசி பத்து வரிசை மேலும் கீழும் ஆடுவதோடு, மீன் வாலாட்டுவதுபோல் பக்கவாட்டிலும் ஆடும். குமட்டல் வருபவர்களுக்குப் பெரிய எதிரி இந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான்.

சீட் வரைபடத்தில் இறக்கை எங்கே வரைந்திருக்கிறது என்று பாருங்கள். 777-300இஆரில் ஒரு பக்கத்துக்கு ஐந்து கதவுகள்; மூன்றாவது கதவு இறக்கைக்கு மேல். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிசைகள் நல்லவை. போயிங் 787-9, ஏர்பஸ் ஏ350-900 இரண்டிலும் நான்கு கதவுகள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எடுங்கள். அங்கே ஜன்னலில் இறக்கை மட்டும்தான் தெரியும், வேடிக்கை போச்சு. குலுக்கலுக்குப் பயப்படுபவருக்கு அது நல்ல பேரம்தான்.

பெரிய விமானம் குறைவாகக் குலுங்கும் என்பது பாதி உண்மை. முழுச் சுமையில் 777-300இஆரின் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் சுமார் 800 கிலோ தாங்குகிறது. உள்ளூர்ப் பயணங்களில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் அது 380 கிலோவுக்கும் கீழே. காற்று தட்டினால் கனமானது குறைவாக அசையும். ஆனால் ஜெட் வேகமாகப் போவதால் அடி கூர்மையாக விழும், அந்தச் சாதகத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். இன்னொன்று: நீண்ட பயணத்தில் மணிக்கு ஏழெட்டு டன் எரிபொருள் எரிகிறது. பத்து மணி நேரம் கழித்து அதே விமானம் எழுபது எண்பது டன் எடை குறைந்திருக்கும். அதே காற்று அப்போது கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும்.

பெல்ட்: எட்டு வினாடிக் கணக்கு

எஸ்க்யூ 321 பதிவுகளில் பயணிகளுக்கு வேண்டிய பாடம் இரண்டு நேரக் குறிப்புகளில் இருக்கிறது. பெல்ட் விளக்கு போடப்பட்டதாக ஒரு விமானி சொன்னது, கிரீன்விச் நேரப்படி 7 மணி 49 நிமிடம் 32 வினாடி. பெரிய சரிவு தொடங்கியது 7:49:40. நடுவில் எட்டு வினாடி. சம்பவம் முழுவதும் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எட்டு வினாடியில் பெல்ட் போட முடியுமா என்று சீட்டில் உட்கார்ந்தபடி ஒருமுறை செய்து பாருங்கள். சீட் சாய்ந்திருக்க வேண்டும், ட்ரே திறந்திருக்க வேண்டும், மேலே கம்பளி, காதில் ஹெட்போன். பெல்ட்டின் ஒரு முனை உங்களுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே விழுந்திருக்கும். கையில் கிடைப்பது பக்கத்து ஆளின் கொக்கி. பட்டை முறுக்கிக்கொண்டிருக்கும். தூங்கி எழுந்தவருக்கு விளக்கு என்ன சொல்கிறது என்று புரியவே நான்கு வினாடி போய்விடும். ஆகவே விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் கொக்கியிலேயே இருக்கட்டும்.

போடும் விதத்திலும் விஷயம் இருக்கிறது:

1. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி சீட்டின் மடிப்பு வரை உட்காருங்கள். சரிந்து உட்கார்ந்தால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும்.
2. பட்டை இரண்டு இடுப்பெலும்பு முனைகளின் மேலும் தாழ்வாகப் படிய வேண்டும். வயிற்றின் மேல் கிடந்தால் மைனஸ் ஜி வரும்போது முழு எடையும் குடலை அழுத்தும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில்.
3. பேன்ட் பையில் போன், பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். புடவை என்றால் கொசுவம் பெல்ட்டுக்கு அடியில் பந்தாகச் சுருளாமல் நீவி விடுங்கள். துணியின் தடிமன் அமுங்கினால் அந்த அளவுக்கு பெல்ட் தளர்ந்தது என்று அர்த்தம்.
4. முனையை இழுத்து இறுக்குங்கள். இரண்டு விரல் நுழைந்தால் போதும். தூங்கும்போதும் இதே அளவு.
5. கம்பளிக்கு மேல் பெல்ட் தெரியட்டும். இல்லையென்றால் சரிபார்க்க வரும் பணிப்பெண் உங்களை எழுப்பித்தான் ஆகவேண்டும்.

அதிகம் பேர் தவறுவது சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறு கனத்ததும் ஒரு சாண் தளர்த்திவிட்டு அப்படியே தூங்கிவிடுவார்கள். ஒரு சாண் தளர்ந்த பெல்ட் உங்களை முதலில் ஒரு சாண் தூக்கவிட்டு, அப்புறம் சுண்டி இழுக்கும்.

மடிக் குழந்தைக்குக் கூடுதல் பெல்ட் ஒன்று தருவார்கள், அது உங்கள் பெல்ட்டில் கோர்க்கும் வளையத்தோடு வரும். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே சேர்த்துக் குழந்தையைக் கட்டாதீர்கள், உங்கள் எடை அதன்மேல் நசுக்கும். சுவர்த் தொட்டிலில் தூங்கும் குழந்தையை விளக்கு எரிந்ததும் எடுத்தே ஆகவேண்டும், அழுதாலும் சரி. கை வலிமையை நம்ப வேண்டாம். 8 கிலோ குழந்தை மைனஸ் 1.5 ஜி-யில் 12 கிலோவாகி மேல்நோக்கிப் போகும்.

போனை வைத்து அளப்பது

பயம் அதிகமுள்ளவர்களுக்கு எண் ஒன்று கையில் இருப்பது நிஜமாகவே உதவுகிறது. ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கிளம்புமுன் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், விமானப் பயன்முறையிலும் ஓடும். புவியீர்ப்போடு சேர்ந்த முடுக்கம் என்ற அளவீட்டைத் திறந்து, போனைக் கைப்பிடி மேல் தட்டையாக வைத்து விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். கையில் ஏந்திப் பிடித்தால் உங்கள் கை ஆட்டமும் சேர்ந்துவிடும். அமைதியில் 9.8 காட்டும், அதுதான் 1 ஜி. 5-க்கும் 15-க்கும் இடையில் ஆடும்வரை விமானிகளின் கணக்கில் லேசு. நீங்கள் வியர்த்துப்போன நேரத்தில் பார்த்தால் எண் 8-க்கும் 12-க்கும் இடையில்தான் பெரும்பாலும் இருக்கும். வால் பகுதியில் உட்கார்ந்திருந்தால் விமான மையத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உண்மையில் முரடாகிவிட்டால் அளவீடு போதும், போனை சீட் பைக்குள் போடுங்கள்.

வழித்தடம் பார்ப்பது

விண்டி போன்ற வானிலைத் தளத்தில் காற்று வரைபடத்தை 34,000 அடிக்கு வைத்து, உங்கள் பாதையோடு ஒப்பிடுங்கள். காற்று அதிவேகமாக இருக்கும் நடுப்பகுதி அவ்வளவு மோசமில்லை. நிறம் சிறு தூரத்தில் சடாரென்று மாறும் ஓரங்கள்தான் குலுங்கும். குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டியும் வட அட்லாண்டிக்கிலும் இது வலுவாக இருக்கும். வட அட்லாண்டிக்கின் ஒரு சராசரிப் புள்ளியில் மேகமற்ற இடத்துக் கடுமையான குலுக்கல் 1979-இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்தது 2020-இல் 27.4 மணி நேரம் ஆகிவிட்டது என்று ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் கணக்கிட்டது.

சென்னை, கொழும்பிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்களுக்கு ஜெட் காற்றைவிட வங்கக்கடலின் இடிமேகம்தான் முக்கியம். தென்மேற்குப் பருவக் காலத்தில் வடக்கு வங்கக்கடலும் அந்தமான் கடலும், ஐப்பசி கார்த்திகையில் தெற்கு வங்கக்கடலும் கொதிக்கும். நடுக்கடலில் மேகம் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் பொதுவாக அதிகம் வளர்கிறது. ராத்திரி விமானத்தில் ஏறியதும் தூங்கப் போகிறவர்கள் பெல்ட்டை மறக்கக் கூடாததற்கு இது இன்னொரு காரணம்.

குமட்டலுக்கு

வினாடிக்கு ஒருமுறைக்கும் மேல் தடதடப்பது வயிற்றைப் புரட்டாது, பயத்தைத்தான் தரும். ஐந்து வினாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்குவதுதான் வாந்தியைக் கொண்டுவரும். தலையை சீட்டில் சாய்த்து அசையாமல் வைத்து, ஜன்னலில் அடிவானத்தைப் பாருங்கள். இரவென்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். போனும் சினிமாவும் வேண்டாம், கண் ஒன்று சொல்ல காது இன்னொன்று சொல்வதுதான் பிரச்சினையே. வெறும் வயிறு உதவாது, இரண்டு இட்லி அளவுக்கு எதையாவது சாப்பிட்டிருங்கள். இஞ்சி மரப்பா, முகர எலுமிச்சம்பழம் சிலருக்குக் கேட்கும். அவோமின் மாதிரி மாத்திரை எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுவிட்டு, கிளம்புமுன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

எழுந்து நிற்கும்போது மாட்டிக்கொண்டால்

உங்கள் வரிசைக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் எந்த சீட் காலியோ அதில் உட்கார்ந்து பெல்ட் போடுங்கள், பிசினஸ் கிளாஸாக இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இடமே இல்லையென்றால் நடைபாதையிலேயே தரையில் உட்கார்ந்து சீட்டின் உலோகக் காலையோ கைப்பிடியின் அடிப்பகுதியையோ கோர்த்துப் பிடியுங்கள். கழிவறையில் என்றால் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சுவர்க் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே நிற்பதுதான் ஆபத்து, கூரை தாழ்வு.

பணிக்குழு வண்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் விமானத்துக்கு ஏதோ ஆகப்போகிறது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை டர்புலன்ஸால் படுகாயமடைந்த 163 பேரில் 129 பேர் விமானப் பணிக்குழுவினர். பெல்ட் இல்லாமல் நின்று வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான்.

டீ, காபியைப் பாதிக் கோப்பைக்கு மேல் வாங்காதீர்கள். எஸ்க்யூ 321-க்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானமும் சாப்பாடும் தருவதை நிறுத்தியது. கொரியன் ஏர் 2024 ஆகஸ்ட்டிலிருந்து எகானமியில் கப் நூடுல்ஸையே எடுத்துவிட்டது. மடியில் கொட்டிவிட்டால் உடனே துணியை உடம்பிலிருந்து விலக்கி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வாங்கி 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். பேஸ்ட், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

லேப்டாப்பை மூடி சீட் பைக்குள் தள்ளுங்கள். ஒன்றரைக் கிலோ தகடு பறந்தால் அது போய் விழுவது முன்வரிசைத் தலையில்.

குலுக்கல் அடங்கியபின் மேல் பெட்டியைத் திறக்கும்போது ஒரு உள்ளங்கையை இடுக்கில் கொடுத்து இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து பாருங்கள். உள்ளே இருந்ததெல்லாம் கதவில் சாய்ந்து நிற்கும். தலை இடித்திருந்து கழுத்து வலித்தாலோ கை விரல் மரத்தாலோ எழுந்து நடக்காமல் பணிக்குழுவைக் கூப்பிடுங்கள். தரையிறங்கியதும் மருத்துவக் குழு உள்ளே வரும்வரை கழுத்தைத் திருப்பாமல் சீட்டிலேயே இருங்கள்.